மூல ஓலை யார் கையில்? காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வரலாற்றுப் பயணம்

அடிமை என்றதும் மனசில் என்ன தோன்றுகிறதோ அதை வரையுங்கள் என்று பதினோராம் வகுப்பு வரலாற்றுப் பிரிவில் கேட்டேன். 31 பேர். 27 தாள்களில் சங்கிலி இருந்தது. சிலர் கப்பலும் சேர்த்திருந்தார்கள். ஒருவன் சாட்டையோடு ஒரு துரையை வரைந்து, தொப்பியை மட்டும் அரைமணி நேரம் செதுக்கியிருந்தான். ஒரே ஒரு தாள் வெள்ளையாகவே வந்தது. ஏம்மா ஒன்றும் வரையவில்லை என்றேன். "நம்ம ஊருல இருந்ததா டீச்சர்? இருந்தா எப்படி இருக்கும்னு தெரியலையே" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் பயணம் போனோம். இரண்டு ஆண்டு, இரண்டு முறை. முதல் முறை நான் சொதப்பினேன். எங்கே சொதப்பினேன், அதற்குப் பிறகு எதை மாற்றினேன் என்பதைச் சக ஆசிரியர்களுக்காக எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இதில் வராது. அந்தப் பெண்ணை மட்டும் வெள்ளைத்தாள்காரி என்று சொல்லிக்கொள்கிறேன். அப்படிக் கூப்பிட்டால் அவள் இப்போதும் சிரிப்பாள்.

போவதற்கு முன் வகுப்பறையில்

அட்லாண்டிக் கடல் வழியே ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். அதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் நடத்தினால் அடிமைத்தனம் எங்கோ நடந்தது, யாரோ செய்தது, லிங்கன் வந்து முடித்துவைத்தார் என்று பரீட்சையில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

1833இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்த சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நிலப்பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. நமக்கு வந்தது 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம். நான்கே பிரிவுகள். வகுப்பில் அதைச் சத்தமாகப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இவன் என் அடிமை என்று யாராவது கோர்ட்டுக்கு வந்தால் கோர்ட் அதை ஏற்காது. வரி பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ அதிகாரிகள் ஆளை ஏலம் விடக்கூடாது. கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்று முதல் எல்லாரும் விடுதலை என்று அதில் எங்கேயும் இல்லை. அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்றானது 1860இன் தண்டனைச் சட்டத்தில். அது நடைமுறைக்கு வந்தது 1862இல்.

"அப்ப 1843க்கு மறுநாள் காலைல பண்ணையாளு என்ன டீச்சர் செஞ்சிருப்பான்?" என்றான் பின்வரிசைப் பையன். வழக்கம்போல வயலுக்குப் போயிருப்பான் என்றேன். அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவன் வாங்கிய கடன் அப்படியேதானே இருந்தது? படி அளந்து கூலி வாங்கியதால் படியாள் என்று பெயர் பெற்றவனுக்கு, அந்தப் படியை அளப்பவர் மாறவில்லை.

கடன், ஓலை, கணக்கு. இந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று அன்றைக்கே பட்டது. அதற்குச் சுந்தரர் கதை கைகொடுத்தது.

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சுந்தரரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் கேட்டே வளர்ந்தவர்கள். கல்யாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். அந்தணன் இன்னொரு அந்தணனுக்கு அடிமையாவது எங்கே உண்டு என்று சுந்தரர் கேட்கிறார், ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலை, வெறும் நகல், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார். அங்கே சபை கூடுகிறது. பாட்டனின் வேறு கையெழுத்தை எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்துகிறது. பேரன் தோற்கிறான்.

பக்திக்காக நாம் இதைக் கேட்டிருக்கிறோம். இந்த முறை வக்கீல் மாதிரி கேளுங்கள் என்றேன். எழுதியது யார்? பாட்டன். கட்டுப்பட்டது யார்? வழிவழியாக வந்த பேரன். ஆதாரம் என்ன? கையெழுத்து. மூலம் யாரிடம்? ஆண்டையிடம். தடுத்தாட்கொண்ட இறைவன் கதையை இப்படிப் பிரிக்கலாமா என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் முகம் சுளித்தார். கேட்கிறவர்களுக்கு ஆளோலையும் மூலமும் படியும் சபையும் பழக்கமில்லாமல் இருந்திருந்தால் அந்தக் கதை அவர்களிடம் எடுபட்டிருக்குமா என்று கேட்டேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்றே, அதாவது ஆளை விற்றதற்கான சம்மதப் பத்திரம் என்றே, ஆவணம் உண்டு. பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்கள் கல்லிலேயே இருக்கிறார்கள்.

வழி

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, கடற்கரைச் சாலையில் ராமநாதபுரம் தொட்டு மண்டபம். அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்புவது. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியாயிற்று. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் 'வரலாற்றுக் களப்பயணம்' என்று மட்டும் போட்டேன். அது முதல் தவறு. அதை அப்புறம் சொல்கிறேன்.

ஏன் இந்த வழி என்றால், சென்ற இரு நூற்றாண்டுகளில் இந்தச் சீமையிலிருந்து இரண்டு விதமான ஆட்கள் கடல் தாண்டினார்கள். ஒருவர் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கும் வட்டித்தொழிலுக்கும், போனார். இன்னொருவர் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, கூலியாகப் போனார். கடல் அதே கடல். கையிலிருந்த காகிதம்தான் வேறு.

பெட்டகத்தில் இருந்தது

வீட்டுக்குப் போனதும் பிள்ளைகள் பர்மாத் தேக்குத் தூண்களைத் தட்டிப்பார்த்தார்கள், ஆத்தங்குடிக் கல்லில் காலைத் தேய்த்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். அரைமணி நேரம் விட்டுவிட்டேன். அந்த ஆசை அடங்காமல் வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

வளவில் பாய் போட்டு ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள். எண்பது தாண்டிய வயது. வீடு பதினோரு பங்காளிகளுக்குச் சொந்தம். இருப்பவர் அவர் ஒருவர்தான். "எங்க ஐயா கொழும்புல கடை வச்சிருந்தாக. கணக்கெல்லாம் கறையான் தின்னது போக மிச்சம் இருக்கு" என்று இரண்டாங்கட்டிலிருந்து ஒரு பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நீளவாக்கில் தைத்த நோட்டு. சிவப்புத் துணி அட்டை சாயம் போய் மண் நிறமாகியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பிள்ளையார் சுழி, கீழே 'சிவமயம்'. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. எழுத்து சாய்ந்தும் சேர்ந்தும் இருந்ததால் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. வெள்ளைத்தாள்காரிதான் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "மாத்தளை... கங்காணி வகையில்... ஆள் கட்ட... பற்று..." அதற்குமேல் இருந்தது ௨௱௪௰. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ௨ என்றால் இரண்டு, ௱ நூறு, ௪ நான்கு, ௰ பத்து என்று கரும்பலகை இல்லாத குறையைத் தரையில் சாக்கட்டியால் தீர்த்தேன். இரண்டு நூறு, நான்கு பத்து. 240 ரூபாய். ஆச்சி, "கல்லுல எழுதாத ஆத்தா, பாலிஷ் போயிரும்" என்றார்கள். அழித்தேன்.

"ஆள் கட்டன்னா மாடு கட்டுற மாதிரியா டீச்சர்?"

மாத்தளை போன்ற இலங்கை மலைத்தோட்டப் பகுதிகளுக்கு ஊரூராக வந்து ஆள் சேர்த்தவரை ஆள் கட்டும் கங்காணி என்றே சொன்னார்கள். முதலில் காப்பித் தோட்டம். 1869இல் இலைத்துரு நோய் பரவத் தொடங்கிக் காப்பி அழிந்தபிறகு தேயிலை. துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். போதாததற்குக் கங்காணி கடைகளில் கடன் வாங்குவார். கிராமத்துக்கு வந்து ஒரு குடும்பத்தின் பழைய கடனை அடைப்பார், துணி எடுத்துத் தருவார், வழிச்செலவு பார்ப்பார். அத்தனையும் அந்தக் குடும்பத்தின் பற்றில் ஏறும். தோட்டத்தில் போய் இறங்கும்போதே அவர்கள் கடன்காரர்கள். எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள் என்று எண்ணித் தலைக்காசு வாங்குகிற கங்காணிதான் அந்தக் கணக்கையும் வைத்திருப்பார்.

அந்தத் தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். ஒரு சின்னக் காகிதம். இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது; அதைக் கட்டுகிறவர் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பழைய தோட்டத்துரை எழுதித் தருவது. புதுத் துரை கட்டுவார். கட்டிய தொகை புதுக் கடனாக ஏறும். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினோம் என்று சட்டப்படி சொல்லிக்கொள்ளலாம். இலங்கையில் துண்டு முறையை ஒழித்தது 1921இல். இந்தியச் சட்டப் புத்தகத்திலிருந்து அடிமை முறை போய் ஏறக்குறைய அறுபது வருஷம் ஆகியிருந்தது.

ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு, "நாங்க பணத்தை வட்டிக்குக் குடுத்தோம் ஆத்தா. ஆளை வாங்கவும் இல்லை, விக்கவும் இல்லை" என்றார்கள். குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்த இடத்தில் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தது தெரிந்தது. அது உண்மை. அந்த 240 ரூபாய் எதற்குப் போனது என்று அவர்களுடைய நோட்டிலேயே எழுதியிருப்பதும் உண்மை. பிள்ளைகளிடம் இரண்டையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். எது சரி என்று ஒருவன் கேட்டான். இரண்டும் சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்பதுதான் வரலாற்றுப் பாடம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் தப்பித்தல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதே பெட்டகத்தில் இன்னொரு தாள் கிடைத்தது. சம்பளச் சீட்டு. செட்டியார் கடைக்கு வெளிநாட்டில் மேலாளாக, அதாவது கடையை நடத்துபவராக, போகிறவருக்கு மூன்று வருஷத்துக்கு எழுதுவது. என்ன சம்பளம், எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாகி மேலாளாகிச் சொந்தக்கடை போட்டவர்கள் பலர். கடுமையான வாழ்க்கைதான், மூன்று வருஷம் மனைவி முகம் பார்க்காத வாழ்க்கை. ஆனால் சீட்டை அவர் படித்துப் பார்த்துச் சம்மதித்தார். கணக்கு அவருக்குத் தெரியும். கணக்கு எழுதத்தான் அவர் போனதே. பேரேட்டையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தேன். அந்த ஒரு படம் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

பேருந்தில் நடந்தது

தேவகோட்டை தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தபோது, மைக்கைப் பிடித்து 1931ஐப் படித்தேன்.

அப்போது இதெல்லாம் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை பிரிந்தது 1985இல். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஆதிக்கச் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக்கூடாது. பெண்கள் மாரை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறிய இடங்களில் வீடுகள் எரிந்தன. 1931 ஜூனில் தடை பதினொன்றானது. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

நான் நான்காவது தடையைப் படிக்கும்போதே பேருந்தில் பாட்டு நின்றிருந்தது. எட்டாவதைப் படித்தபோது முன்சீட்டிலிருந்து ஒருவன், "எந்தச் சாதி டீச்சர் போட்டது?" என்றான். அவனுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பின்னாலிருந்து ஒருவன் பதில் சொன்னான். அந்தப் பதிலை இங்கே எழுத மாட்டேன். இன்னொருவன் எழுந்து நின்றான். வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இருவரையும் இறக்கி, ஒரு புளியமரத்தடியில் தண்ணீர் குடிக்கவைத்து, இடம் மாற்றி உட்காரவைத்தோம். அந்த இருபது நிமிடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மடியில் வைத்த பயணத்தாளில் நான் அச்சடித்திருந்த மூன்றாவது கேள்வி இது: 'உங்கள் ஊரில் முன்பு யார் யாரிடம் அடிமையாக வேலை செய்தார்கள்? வீட்டில் கேட்டு எழுதுக.'

அந்தக் கேள்வியை எழுதியபோது எனக்கு அது களஆய்வு மாதிரி தோன்றியது. பேருந்தில் அதைப் பார்த்தபோது கை கூசியது. ஒரே வகுப்பில் இரு தரப்புப் பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனை வெட்கப்படவைக்கிற அதே கேள்வி இன்னொருவனை மார்தட்டவைக்கும். சாயங்காலமே ஒருவனுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மீசையும் அரிவாளும் வந்துவிட்டன. மறுநாள் இரண்டு பெற்றோர் தலைமையாசிரியரிடம். ஒப்புதல் படிவத்தில் இதுபற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று அவர்கள் கேட்டது நியாயம். விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

தொண்டி, மண்டபம்

இவ்வளவு நடந்தபிறகு தொண்டியில் யாருக்கும் மனசு ஒட்டவில்லை. நண்டு வலை உலர்த்திய கரையில் நின்று, இங்கிருந்தும் அம்மாபட்டினத்திலிருந்தும் தோணியேறியவர்கள் மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்ததைச் சொன்னேன். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களைச் சொன்னேன். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரில் இருந்திருந்தாலும் செத்திருப்பார்கள். பண்ணையை விட்டுத் தப்ப வேறு வழியில்லாமல் கண்டியைத் தேடிப் போனவர்களும் உண்டு. போனவர்கள் எல்லாரையும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது.

1914இல் பாம்பன் பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தோட்டத்து ஆட்களை மண்டபத்தில் நிறுத்திச் சில நாள் தனிமையில் வைத்து, அம்மை குத்தி, சோதித்து அனுப்பினார்கள். ரயில் நிலையத்தின் பெயரே இன்றும் மண்டபம் கேம்ப். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த தோட்டத் தமிழர் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வரியில் ஒன்றரை லட்சம் பேர் பத்து வருஷம் கிடந்தார்கள். திரும்பி வந்த பலருக்கு முதல் நிழல் அதே முகாம்.

இப்போது அங்கே இருப்பவர்கள் போரில் வந்த இலங்கைத் தமிழர்கள். உள்ளே போக அனுமதி வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் போயிருக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். வேலிக்கு வெளியே நின்று முப்பது பிள்ளைகள் எட்டிப்பார்த்ததும், உள்ளே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழியில், எல்லாரும் தூங்கியபிறகு, வெள்ளைத்தாள்காரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கப்பா செங்கச் சூளையில அட்வான்ஸ் வாங்கியிருக்காங்க டீச்சர். அடைச்சு முடிக்காம வேற சூளைக்குப் போக முடியாது. அதுவும் துண்டுதானா?"

களைப்பில் இருந்தேன். "ஆமாம்மா, அதுவும் ஒரு துண்டுதான்" என்றேன்.

அவர் வந்தார்

மூன்றாம் நாள் அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஏன் டீச்சர், நான் அடிமையா?"

எனக்கு வாய் வரவில்லை.

"அட்வான்ஸ் வாங்கித்தான் மூத்தவளுக்குக் கல்யாணம் முடிச்சேன். வாங்குன காசுக்கு நானும் எம் பொண்டாட்டியும் கல்லறுக்குறோம். ராத்திரி சோத்துல உக்காந்துக்கிட்டு, நீ அடிமையாப்பான்னு புள்ள கேக்குது. எப்படி இருக்கும் எனக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வரவழைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தார். வேலையைப் பற்றிக் கேட்கக் கேட்க, அவருக்குப் பேச்சு வந்தது. தை பிறந்து ஆனி வரை சூளை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரம் ஒருமுறை செலவுக்காசு. மிச்சம் அட்வான்ஸில் கழியும். மழையில் கரைந்த கல் கணக்கில் சேராது.

"எத்தனை கல்லுன்னு யாரு எழுதுறாங்க?"

"மேஸ்திரி."

"உங்ககிட்ட ஒரு கணக்கு?"

"நமக்கெதுக்கு? அதான் அவருகிட்ட நோட்டு இருக்கே."

திருவெண்ணெய்நல்லூர் எனக்கு ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அவர் கொத்தடிமையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் ஆசிரியராக இதைப் படித்திருக்க வேண்டும். பயணத்துக்கு முன் படிக்கவில்லை. 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபர் 25 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. முன்பணம் வாங்குவதே கொத்தடிமை அல்ல. அந்தப் பணத்துக்காகக் கூலியில்லாமலோ அற்பக் கூலிக்கோ உழைப்பது, வேறு வேலைக்குப் போக முடியாமல் போவது, நினைத்த இடத்துக்குப் போகவர முடியாமல் போவது, இவற்றில் ஏதாவது ஒன்று சேரும்போது சட்டம் அதைக் கொத்தடிமை என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொன்னது. மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று தர வேண்டும். 2016 திட்டப்படி மறுவாழ்வு நிதி ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை. டெல்டாப் பக்கம் ஆட்டுக்கிடையில் அடகு வைக்கப்பட்ட சிறுவர்களை மீட்டதெல்லாம் இந்தச் சட்டத்தின்கீழ்தான்.

இவருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைத்ததா? எத்தனை கல் அறுத்தார் என்ற கணக்கு இருந்தால் சொல்லலாம். கணக்கு அவரிடம் இல்லை. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்தது அந்த இடத்தில்தான்.

மறு ஆண்டு

படிவத்தில் எல்லாம் எழுதினேன்: அடிமை முறை, பண்ணையாள், கங்காணி, கொத்தடிமை என்ற சொற்களோடு. நான்கு பெற்றோர் அனுப்பவில்லை. பரவாயில்லை.

1931ஐப் பேருந்தில் படிக்கவில்லை. வகுப்பில் மூன்று பாடவேளை ஒதுக்கினேன். சாதியை மறைக்கவில்லை, கேட்டபோது சொன்னேன். ஆனால் கேள்வியை மாற்றினேன். பதினொரு தடையையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, இதில் ஒவ்வொன்றாலும் யாருக்கு என்ன மிச்சம் என்று பிரிக்கச் சொன்னேன். முதல் எட்டில் உடம்பும் உடையும்தான் அதிகம். பதினொன்றில் வேறு சங்கதி வருகிறது: பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மேய்க்கலாம், வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுக்கக்கூடாது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், காலை ஏழு முதல் மாலை ஆறு வரை வேலை, ஆணுக்கு நான்கு அணா, பெண்ணுக்கு இரண்டு அணா. "இது சாமி சம்பந்தப்பட்டதே இல்ல டீச்சர், இது கூலி ஒப்பந்தம்" என்றான், போன ஆண்டு ஸ்டேட்டஸ் வைத்தவனின் தம்பி. குடையையும் செருப்பையும் பார்த்துக் கொதித்துவிட்டு நாம் தாண்டிப்போகிற வரிகள் இவைதான்.

'வீட்டில் கேட்டு எழுதுக' என்பதை எடுத்துவிட்டேன். மண்டபத்தில் வண்டியை விட்டு யாரும் இறங்கவில்லை. பாம்பன் கரையில் நின்று பேசினோம். அந்தப் பெரிய வீடு அந்த மாதம் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்குப் போயிருந்தது. ஆச்சி மகள் வீட்டில். பேரேடு இல்லை. என் ஃபோனில் இருந்த அந்த ஒரே படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் ௨௱௪௰ஐ இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயணம் முடிந்து மறுபடியும் வரையச் சொன்னபோது பாதித் தாள்களுக்கு மேல் சங்கிலிதான் வந்தது. சங்கிலி வரைவதற்குச் சுலபம்.

வெள்ளைத்தாள்காரி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பயணத்துக்கு வரவில்லை, பொதுத்தேர்வு. ஆனால் தை மாதம் சூளை தொடங்கியதிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு வைத்திருந்தாள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. அம்மா ஃபோனில் தினமும் ராத்திரி எத்தனை கல் என்று சொல்வார், இவள் எழுதுவாள். மழைக்குக் கரைந்த கல்லுக்குத் தனி வரி. பங்குனிக் கடைசியில் மேஸ்திரியின் கணக்குக்கும் இவள் கணக்குக்கும் 2,300 கல் வித்தியாசம் வந்தது. அப்பா முதலில் கேட்கமாட்டேன் என்றாராம். அட்வான்ஸ் கொடுத்தவனிடம் எப்படிக் கேட்பது. அம்மாதான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மேஸ்திரி சத்தம் போட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து 1,500 கல்லை ஒப்புக்கொண்டார். மிச்சம் 800 மழையில் போனது என்று சொல்லிவிட்டார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

சித்திரையில் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். கடைசி மூன்று வாரமும் ஒவ்வொரு சனிக்கிழமை வரிக்கு எதிரே இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று அவள் அப்பாவுடையது, எழுத்துக் கூட்டிப் போட்டது. இன்னொன்று மேஸ்திரியுடையது. "ஜெராக்ஸ் வேணும்னாரு டீச்சர்" என்றாள். "எடுத்துக் குடுத்தோம். இது எங்ககிட்ட இருக்கட்டும்."